போஸ்டருக்குப் பத்தாத ஆள்

அக்காவின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் போன் பண்ணித் திட்டுவார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் கலந்து திட்டுவார், எதற்கு எதில் பதில் சொல்வது என்று நமக்குத் தெரியாது. மத்திகிரி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டி.டி.பி., ஜெராக்ஸ், லேமினேஷன் என்று மூன்றையும் மூன்று நிறத்தில் எழுதிய கடை ஒன்று இருந்ததே, அந்த அக்கா என்றால் அந்தப் பக்கம் குடியிருந்தவர்களுக்குப் புரிந்துவிடும். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். அக்கா தன் மகளோடு ஆனேக்கல் பக்கம் போய்விட்டார்.

என்னைவிட அவருக்கு இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னைச் சாத்தூர் சார் என்பார். ஓசூரில் வாடகைக்கு வந்தவனுக்கு ஊர்ப்பெயர்தான் பெயர். பதினாறு வருடம் ஓடிவிட்டது, இன்னும் ஆதார் கார்டைப் பார்த்தால்தான் வீட்டு ஓனருக்கு என் பெயர் ஞாபகம் வரும்.

அந்தக் கடையின் மாடி அறையில்தான் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு எங்கள் எழுத்தாளர் கூட்டம் நடக்கும். கூட்டம் என்றதும் மைக் செட் எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். நல்ல நாளில் பத்துப் பேர், மழை நாளில் அக்காவையும் சேர்த்து நாலு பேர். அந்த நாலு பேரைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். ஒன்று நான், வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், இரும்புத் தகட்டை எந்திரத்தில் அழுத்தி வடிவெடுக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை, சிறுகதை எழுதுகிறவன். இன்னொருவர் வேப்பனப்பள்ளி முனிரத்தினம் வாத்தியார். வீட்டில் தெலுங்கு பேசிக்கொண்டு, பாளையக்காரர்களைப் பற்றித் தூய தமிழில் நாவல் எழுதுகிறவர். மூன்றாமவர் காவேரிப்பட்டினத்தில் மாங்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசர், கவிஞர். மாம்பழ சீசனில் கூட்டத்துக்கு வர மாட்டார், சீசன் முடிந்ததும் மூன்று மாதக் கவிதையையும் மொத்தமாகக் கொண்டுவந்து இறக்குவார்.

அக்கா எதுவும் எழுத மாட்டார். எங்களுக்கு அறை கொடுத்தார், டீ கொடுத்தார், நாங்கள் எழுதியதை எல்லாம் டைப் அடித்துக் கொடுத்தார். என் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே பிறவி அவர்தான். நான் எழுதிய மளிகைச் சீட்டை எங்கள் கடைக்காரர் என்னையே கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்.

இவ்வளவு நல்ல மனுஷியிடம் ஒரே ஒரு கோளாறு இருந்தது. கதையில் யாரும் சாகக் கூடாது.

முதல் கூட்டத்திலேயே இது எனக்குத் தெரிந்துபோனது. நான் ஊரிலிருந்து வந்த புதிது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கதை வாசித்தேன். நாயகனின் அம்மா இரண்டு தடவை இருமுகிறாள். உடனே அக்கா, "சாக்கு" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஏதோ கோணிச்சாக்கு கேட்கிறார்போல என்று காலுக்கடியில் தேடினேன். பிறகு மறுபடி வாசித்தேன். மூன்றாவது இருமல் வந்தது. "சாக்கு, சாக்கு" என்றார் அக்கா, இன்னும் அழுத்தமாக.

வாத்தியார் என் காதருகே குனிந்தார். "கன்னடத்துல போதும்னு அர்த்தம் சார். நிறுத்திக்கோங்க."

"ஏன், கதை நல்லா இல்லையா?"

"கதை நல்லாதான் கீது. இருமிட்டாங்களே. இனிமே அந்தம்மா பொழைக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. அக்கா கேக்க மாட்டாங்க."

அக்கா என் பக்கம் திரும்பி ரொம்பப் பொறுமையாகச் சொன்னார். "இருமல்தான சார்? ஜி.ஹெச். பக்கத்துலயே கீது. கூட்டிட்டுப் போங்க. அதுக்குள்ள எதுக்குக் கொல்றீங்க?"

எனக்கு வந்ததே கோபம். சாத்தூரிலிருந்து ஓசூர் வரை சுமந்துகொண்டு வந்த கதை, இருமலோடு நின்றுபோனது.

வாத்தியார் பாடு இன்னும் மோசம். பாளையக்காரர் கதையில் போர் இல்லாமல் எப்படி? ரெண்டு பக்கமும் சேர்த்து முந்நூறு பேராவது விழ வேண்டும் என்பார் அவர். அக்கா சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறமாதிரி ஆரம்பிப்பார். முந்நூறா, அத்தனை பேரை யாரு சார் பொதைக்கறது, பத்து பேரு போதாதா என்பார். வாத்தியார் இருநூற்றைம்பதுக்கு இறங்குவார். அரைமணி நேரம் இழுத்து, கடைசியில் நாற்பது பேருக்குப் படியும். குதிரை விஷயத்தில் மட்டும் அக்கா ஒரு குதிரைக்குக்கூட இணங்கவில்லை. "குதிரை என்னா பண்ணுச்சு? அதுக்கு ராஜாவையும் தெரியாது, கப்பத்தையும் தெரியாது" என்றுவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவுக்குச் சோறு போட்டதே சாவுதான். அந்த வட்டாரத்தில் யார் போனாலும் போஸ்டர் அக்காவின் கடையில்தான். தமிழர் வீடென்றால் கண்ணீர் அஞ்சலி, கன்னடக்காரர் வீடென்றால் பாவபூர்ண ஸ்ரத்தாஞ்சலி, தெலுங்குக்காரர் வீடென்றால் கன்னீட்டி நிவாளி. எந்த மொழிக்காரருக்கும் அதே ரெட்டை ரோஜாப்பூ பார்டர், அதே எரியும் விளக்கு. செத்தவருக்குப் பெரும்பாலும் தனிப் படம் இருக்காது. ஏதாவது கல்யாண குரூப் போட்டோவைக் கொண்டுவருவார்கள். அக்கா அதிலிருந்து ஆளைக் கத்தரித்து எடுத்து, வெற்று உடம்பென்றால் ஒரு கோட்டும் மாட்டிவிடுவார். சில சமயம் அவசரத்தில், பக்கத்தில் நின்றவரின் கை மட்டும் செத்தவர் தோளிலேயே தங்கிவிடும். மத்திகிரிச் சுவர்களில் அப்படி ஆளில்லாத கைகள் நிறைய உண்டு. இந்த வேலையை எல்லாம் அக்கா ஒரு கையால் தக்காளிச் சாதம் சாப்பிட்டுக்கொண்டே செய்வார். முகத்தில் ஒரு சலனம் இருக்காது.

"நெஜத்துல செத்தவங்களுக்கு நான் செய்யறதுக்கு என்னா கீது? ரோஜாப்பூதான் போட முடியும்" என்பார் கேட்டால். "உங்க ஆளுங்க அப்படியா? உங்க கையிலதான கீறாங்க."

இப்படிச் சொல்கிறவரிடம் என்ன வாதாடுவது. போதாததற்கு, பாகலூர்ப் பெரியவர் விவகாரம் வேறு நடந்து அவருக்குத் துணிச்சலைக் கொடுத்துவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, நாளைக்குத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், டிசைனை ரெடி பண்ணித் தேதி இடத்தை மட்டும் காலியாக விட்டு வையுங்கள் என்றார்கள். அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மூச்சு கீதா?"

"கீது. ஆனா இழுத்துனு கீது."

"மூச்சு இருக்கறவரைக்கும் என் கம்ப்யூட்டர் ஆன் ஆவாது. போயி அவரு பக்கத்துல குந்துங்க."

விரட்டியே விட்டார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா, வருடா வருடம் பென்ஷனுக்காக உயிரோடு இருக்கிறேன் என்று கொடுக்கும் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க அக்காவின் கடைக்கே நடந்து வருவார். அவர் வந்துபோகிற ஒவ்வொரு தடவையும் அக்கா எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். தான் டைப் அடிக்காவிட்டால் யாருக்கும் சாவு வராது என்று அவருக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து ஒரு பதிப்பகம் எங்களுக்குக் கதவைத் திறந்தது. ஓசூர்க்காரர்களின் எழுத்து என்று ஒரு தொகுப்பு அனுப்புங்கள், நன்றாக இருந்தால் போடுகிறோம் என்றார்கள். எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. பேர் அச்சில் வந்த புத்தகம் ஒன்றைக் கையில் பிடிக்காமலே ரிட்டயர் ஆகிவிடுவேனோ என்ற பயம் எனக்கு உண்டு. "இத்தனை வருசமா எழுதிக் கிழிக்கீகளே, கிழிச்சது எங்க" என்று வீட்டில் கேட்காத நாள் இல்லை.

என்னிடம் உருப்படியாக ஒரே ஒரு கதை இருந்தது. 'நாலாம் நம்பர் பிரஸ்' என்று பேர். மாரியப்பன் என்கிற தொழிலாளி. உற்பத்தி வேகத்துக்காகப் பிரஸ்ஸின் பாதுகாப்பு சென்சாரை ஆஃப் செய்து வைத்திருக்கிறார்கள். அச்சு மாற்றக் குனிந்தவன் மேல் பிரஸ் இறங்கிவிடுகிறது. கடைசி வரி இப்படி முடியும்: 'மறுநாள் மாரியப்பன் வேலைக்கு வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.' அந்த வரியை நான் பைக் ஓட்டும்போதுகூடச் சொல்லிப் பார்ப்பேன். என் கதையே அந்த வரிதான்.

பதினோரு பேருடைய படைப்பையும் அக்கா ஒரே வாரத்தில் டைப் அடித்து முடித்தார். அனுப்புவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டு, எல்லோரும் ஒருதரம் பார்த்துவிடுங்கள் என்றார். பார்த்தோம். அவரவர் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். வாத்தியார் தன் இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். அதைத் திருத்தி மெயிலில் அனுப்பினோம். அக்கா அன்றைக்குக் கேசரி செய்து வந்திருந்தார்.

பதிப்பகத்திலிருந்து போன் வந்தபோது நான் கேண்டீனில் இருந்தேன். எடிட்டர் ஒரு பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"நல்ல எழுத்து சார். ஆனா ஒரு சந்தேகம். பதினோரு படைப்புலயும் ஒரு உயிர்கூடப் போகலை. உங்க ஊர்ல யாருக்கும் சாவே வராதா?"

"அப்படி இல்லீகளே மேடம். என் கதையில ஒருத்தன் சாகுறானே."

"உங்க கதை மாரியப்பன்தானே? அவர் செவ்வாய்க்கிழமை வந்துடறாரே சார்."

அவர் வாசித்தே காட்டினார். 'மறுநாள் மாரியப்பன் வேலைக்கு வரவில்லை. லீவு. செவ்வாய்க்கிழமை வந்துவிட்டான்.'

எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்துத் திருப்பி அனுப்புங்கள், குறிப்பாக உங்கள் கதை இப்படியே இருந்தால் சேர்க்க முடியாது என்றார். வாத்தியாருடைய அத்தியாயத்தை மட்டும் ரொம்பப் பாராட்டினார். அதில் வருகிற போர் பிரமாதம் என்றார்.

அன்று சாயங்காலமே வாத்தியாரையும் கவிஞரையும் வரச்சொல்லி, மாடியில் வைத்து எல்லாவற்றையும் முதல்தடவையாக வாசித்தோம். வாத்தியாருடைய நாற்பது பேரும் உயிரோடு இருந்தார்கள். 'இரு படைகளும் எதிரெதிரே அணிவகுத்து நின்றன. அவ்வேளையில் பெருமழை பிடித்துக்கொண்டது. போர் ஒத்திவைக்கப்பட்டது.' கவிஞருடைய கவிதையில் மாமரத்தை வெட்டக் கோடரியை ஓங்கியவன், ஏதோ ஞாபகம் வந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

"நான் மழைன்னு எழுதவே இல்லியேம்மா" என்றார் வாத்தியார்.

"ஐப்பசி மாசம்னு எழுதினு இருந்தீங்களே சார். ஐப்பசில மழை பேயாதா?" என்றார் அக்கா.

எடிட்டர் அதைத்தான் பாராட்டினார் என்று நான் சொல்லித் தொலைத்தேன். வாத்தியாரின் முகம் மாறியது. கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். போரின் அபத்தத்தைத் தானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்ததாகச் சொன்னார். கவிஞரும், கோடரிக்காரன் வீட்டுக்குப் போவது தன் உத்திதான் என்று கட்சி மாறினார். இரண்டு பேரும் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். துரோகிகள்.

நான் மட்டும் அக்காவோடு கீழே கடைக்கு இறங்கினேன்.

"அக்கா, அது என் கதை. அவன் சாகணும். எந்திரத்துக்கு மனுசன் பலியாகுறான், அதச் சொல்லத்தான் நான் எழுதுனதே. நீங்க அவனுக்கு லீவு குடுத்து அனுப்பிட்டீக."

நான் கத்தினால் பதிலுக்குக் கத்துவார் என்று நினைத்தேன். அக்கா கம்ப்யூட்டரைப் போட்டார். ரெட்டை ரோஜாப்பூ பார்டரும் எரியும் விளக்குமாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றைத் திறந்து வைத்தார். யாராவது செத்த வீட்டார் வந்தால் கேட்பாரே, அதே குரலில் கேட்டார்.

"பேரு?"

"மாரியப்பன். என்னக்கா விளையாடுறீகளா?"

"இனிஷியல்?"

நான் உதட்டைப் பிதுக்கினேன்.

"வயசு?"

"ஒரு... நடுத்தர வயசு."

"நடுத்தர வயசுன்னு போஸ்டர்ல போட முடியாது. எந்த ஊரு? சம்சாரம் பேரு என்னா? புள்ளைங்க எத்தினி? கீழ வருந்தும்னு போட்டு யாரு பேரு போடறது?"

அவனுக்கு மனைவி இருக்கிறாளா என்றே நான் யோசித்ததில்லை. குனிய ஓர் ஆள் வேண்டியிருந்தது, குனிய வைத்தேன். அக்கா நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"போஸ்டருக்கே பத்தாத ஆளைக் கொன்னுட்டு வந்து சண்டை போடறீங்களே சார். இங்க சும்மா செத்துப்போனவன்னு ஒருத்தனையும் நான் பாத்ததில்ல. எல்லாரு தோள்லயும் யாரு கையாவது கீது. அத்த வெட்டி எடுக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துடும்."

"இப்ப என்னைய என்னதான் செய்யச் சொல்றீக?"

"மொதல்ல அவன சாக்குங்க. அப்பறம் சாகடிங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போதும்னா நிறுத்திருறேன். அப்பறம் எங்குட்டுச் சாகடிக்க?"

அக்கா சிரித்துவிட்டார். அந்தக் கோபத்திலும் எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். "பதினாறு வருசமா இந்த ஊர்ல கீறீங்க. மத்திகிரிப் பண்ணையில மாடு சாக்கறாங்க, கோழி சாக்கறாங்கன்னு சொல்லிக் கேட்டதே இல்லியா? வளக்கறது சார். அதுக்கும் சாக்குன்னுதான் சொல்லுவோம்."

போதும் என்பதற்கும் வளர்த்துவிடு என்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற பாஷையோடு இத்தனை காலம் ஒரே பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன், எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டுதான் போனேன். ஆனால் சிக்னலில் நிற்கும்போது அவனுக்கு நாற்பத்தொரு வயது என்று முடிவாகிவிட்டது.

பிறகு அவன் என்னை விடவில்லை. ஊர் விளாத்திகுளம் பக்கம் என்றான். பொண்டாட்டி பேர் முத்துலட்சுமி, ஓசூர்க் குளிருக்கு இன்னும் பழகாமல் சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போடுகிறவள். ஒரே பெண், ஏழாம் வகுப்பு, கணக்கு வராது. மாரியப்பன் டிபன் பாக்ஸில் ஊறுகாயை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டான். சம்பளம் வாங்கிய அன்று மட்டும் ஆட்டோவில் வீட்டுக்குப் போவான். இதையெல்லாம் எழுத எழுத, நாலாம் நம்பர் பிரஸ் பக்கம் அவன் போகிறபோதெல்லாம் பேனாவை மூடி வைத்தேன். அவனுக்குக் காய்ச்சல் வரவழைத்து வீட்டிலேயே படுக்கவைத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். ஆனால் சென்சார் ஆஃபில்தான் இருந்தது. அவன் இல்லாவிட்டால் வேறொருவன் குனிவான்.

அடுத்த கூட்டத்தில் வாசித்தேன். யாரும் இருமவில்லை, யாரும் பேரம் பேசவில்லை. கடைசிப் பக்கம் வந்தது. நான் எழுதியதுதான், என்னாலேயே வாசிக்க முடியவில்லை, கேவலமாக அழுதுவிட்டேன். வாத்தியார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா என் கையிலிருந்து காகிதங்களை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டுத்தான் கேட்டது.

நான் எழுதியபடியே, ஓர் எழுத்து மாற்றாமல் டைப் அடித்திருந்தார். 'இனி வரப்போவதும் இல்லை' என்ற வரி அப்படியே இருந்தது. டிபன் பாக்ஸில் தக்காளிச் சாதமும் அப்படியே இருந்தது.

"உங்களால இன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல" என்றார் என்னைப் பார்க்காமல்.

புத்தகம் வந்தது. அதில் மொத்தம் ஒரே ஒரு சாவுதான், அது என்னுடையது.

வெளியீட்டு விழா ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் டைனிங் ஹாலில். அக்காவையும் பைக்கில் அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று காலையில் மத்திகிரிக்கு வந்தேன். பஸ் ஸ்டாப் சுவரில் ஈரம் காயாத போஸ்டர் ஒன்று இருந்தது. கண்ணீர் அஞ்சலி. திரு. மா. மாரியப்பன், வயது 41, விளாத்திகுளம். வருந்தும்: மனைவி முத்துலட்சுமி, மகள், மற்றும் மத்திகிரி எழுத்தாளர் கூட்டம். படம் இருக்க வேண்டிய இடத்தில், பையின் மேல் பிரஸ் ஷாப் என்று எழுதிய நீல நிற வேலைச் சட்டை ஒன்று. சட்டைக்குள் ஆள் இல்லை. தோளில் மட்டும் ஒரு கை.

கம்பெனி பஸ்ஸுக்கோ எதற்கோ நின்ற இரண்டு பேர் அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் கம்பெனிடா?"

"பிரஸ் ஷாப்ல இருந்தாரு. எனக்குத் தெரியும்" என்றான் இன்னொருவன். "ஒசரமா இருப்பாரு. நல்ல மனுசன். என்னைய ஒரு தபா ஆட்டோல ஏத்தினு போனாரு."

நான் அவனை மறுக்கவில்லை. சம்பள நாளாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முதலாமவன் என்னைப் பார்த்தான். என் கண்ணில் என்ன தெரிந்ததோ, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"உங்களுக்குச் சொந்தமா சார்?"

"ஆமா."

"ஐயோ பாவம். பொண்ணு என்னா படிக்குது?"

"ஏழாவது" என்றேன் உடனே. "கணக்குலதான் கொஞ்சம் வீக்கு."

அவன் என் தோளில் கையை வைத்தான். எதிர்ப்பக்கம் கடை வாசலில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அக்கா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக இதைப் பார்த்துக்கொண்டு நின்றாரோ தெரியவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரோடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"சாக்கு, வாங்க சார். நேரமாவுது."